இருபது ஆண்டு காத்திருந்த குருமனை

திருச்சபை வரலாற்று நூல்களில் ஜான் பிரடெரிக் ஓபர்லின் (1740–1826) என்னும் லுத்தரன் போதகருக்குப் பெரும்பாலும் ஒரு பத்தியே கிடைக்கும். பிரான்சு நாட்டின் வோஜ் மலைகளில் சாலை அமைத்தார். ஆற்றுக்குப் பாலங் கட்டினார். குழந்தைப் பள்ளிகளைத் தோற்றுவித்தார். உருளைக்கிழங்கு விளைச்சலைப் பெருக்கினார். அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தில் 1833ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கல்லூரியொன்று அவருடைய பெயரைத் தாங்கிற்று. இவை யாவும் உண்மையே. ஆயினும் சாதனைகளை இவ்வாறு அடுக்கிச் சொல்லும்போது அவற்றுக்கு அடியில் கிடக்கும் ஒரு வரலாறு மறைந்து போகிறது. நகரத்தில் பிறந்து, நகரத்துப் பல்கலைக்கழகத்தில் கற்ற ஓர் இளைஞர், தம்மை அழைத்திராத மலைவாழ் மக்களிடையே சென்று அவ்வூர்க்காரராக ஆனது எவ்வாறு? எத்தனை காலத்தில்? யாருடைய உதவியால்?

இவ்வினாக்களை நாம் எழுப்புவதற்கு ஒரு சிறிய செய்தி காரணம். ஓபர்லின் வால்டர்ஸ்பாக் என்னும் மலையூருக்கு வந்து சேர்ந்தது 1767ஆம் ஆண்டு மார்ச்சு 30ஆம் நாள். அவருக்குக் குடியிருக்கத்தக்க குருமனை கட்டப்பட்டதோ 1787ஆம் ஆண்டில். இடைப்பட்ட இருபது ஆண்டுகளும் அவர் ஒழுகும் பழைய வீட்டிலேயே வாழ்ந்தார். அவ்விருபது ஆண்டுகளின் வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

அவ்விடத்தைப் பற்றி முதலில் சில சொல்ல வேண்டும். ஸ்ட்ராஸ்பூர்க் நகரிலிருந்து தென்மேற்கே புரூஷ் ஆற்றின் வழியே மேலேறிச் சென்றால் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் ரோத்தோ என்னும் ஊர் வரும். அங்கிருந்து கிளைபிரியும் பள்ளத்தாக்குகளும் சரிவுகளும் சேர்ந்த பகுதியைப் பிரெஞ்சு மொழியில் பான் டி லா ரோஷ் என்றும், ஜெர்மன் மொழியில் ஸ்டைன்தால் என்றும் அழைத்தனர். பின்னைய பெயருக்குக் கற்பள்ளத்தாக்கு என்பது பொருள். பெயருக்கேற்ற நிலம்தான். இதற்கு மேலே நிற்கும் ஷான் து ஃபோ என்னும் மொட்டை மேடு ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரமுடையது. பனிக்காலம் நீண்டது; மண் மெல்லியது; உழுவதற்கு ஏர் பூட்ட முடியாத சரிவுகளில் கையால் கொத்தியே பயிரிட வேண்டும். வால்டர்ஸ்பாக் சபையில் அவ்வூருடன் பெல்மோன், பெல்ஃபோஸ், ஃபூதே, சோல்பாக் ஆகிய ஊர்களும் சில குடியிருப்புகளும் அடங்கியிருந்தன. ஐந்து ஊர்களுக்கும் ஒரே போதகர்.

இங்கு வாழ்ந்தோரைப் பூர்வகுடிகள் என்று நினைத்துவிடலாகாது. வெல்டென்ஸ் பிரபுக்கள் 1584ஆம் ஆண்டில் இந்நிலத்தை விலைக்கு வாங்கினர். அவர்கள் லுத்தரன் சமயத்தினர் ஆகையால், சுற்றிலும் கத்தோலிக்கர் வாழ்ந்த அம்மலைநாட்டில் இது ஒரு புராட்டஸ்டன்டு தீவாயிற்று. ரோத்தோவில் இரும்புச் சுரங்கத்தொழில் நடைபெற்றது. பின்னர் வந்த முப்பதாண்டுப் போர் (1618–1648) ஊர்களைப் பாழாக்கிற்று. போருக்குப்பின் வெற்றிடமான நிலங்களில் மோன்பெலியார் நாட்டிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் குடியேறியோர் பலர். ஓபர்லின் கண்ட மக்களிற் பலர் அக்குடியேறிகளின் பேரரும் கொள்ளுப்பேரருமே. வந்தேறியைச் சந்தேகத்தோடு நோக்கியவர்களும் ஒரு காலத்தில் வந்தேறிகளே. மலையூர்களில் இது எங்கும் காணக்கூடியதுதான். எனினும் ஓபர்லினின் வரலாற்றை எழுதியோர் பலர் இதைச் சொல்லாமல், நாகரிகமற்ற மக்களிடையே ஒரு நாகரிகத் தூதர் வந்தார் என்றே எழுதிச் சென்றனர். அது நியாயமன்று.

நியாயமன்று என்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. ஓபர்லினுக்கு முன்னரே அங்கு ஒருவர் உழைத்திருந்தார். அவர் பெயர் ஜான் ஜார்ஜ் ஸ்டூபர். 1750ஆம் ஆண்டில் வால்டர்ஸ்பாக்குக்கு வந்து, 1754இல் வேறிடஞ் சென்று, 1760இல் திரும்பவும் வந்து, 1767வரை ஊழியஞ் செய்தவர். அவர் முதன்முதல் பள்ளிக்கூடத்தைப் பார்க்கச் சென்ற கதை புகழ்பெற்றது. குடிசையொன்றில் பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டிருக்க, மூலையிலிருந்த படுக்கையில் ஒரு கிழவர் கிடந்தாராம். நீர்தாம் ஆசிரியரோ என்று கேட்க, ஆம் என்றாராம். என்ன கற்பிக்கிறீர் என்றதற்கு, ஒன்றுமில்லை, எனக்கே ஒன்றும் தெரியாது என்றாராம். பிறகு எப்படி ஆசிரியரானீர் என்றதற்கு, இதுகாறும் ஊர்ப் பன்றிகளை மேய்த்து வந்தேன், தள்ளாமை வந்தபின் பிள்ளைகளை மேய்க்கச் சொன்னார்கள் என்று விடையளித்தாராம். கேட்போர் சிரிக்கும் கதை. ஆனால் அக்கிழவரின் நேர்மையை யாரும் பாராட்டியதாகத் தெரியவில்லை!

ஸ்டூபர் செய்தது யாது? பள்ளியாசிரியர் என்ற பெயரே இழிவாகக் கருதப்பட்டதால், தகுதியுள்ள இளைஞரைப் பெற்றோர் அவ்வேலைக்கு அனுப்ப மறுத்தனர். அவர் பெயரை மாற்றினார். ஆசிரியர் என்னாமல், மேற்பார்வையாளர் என்று பொருள்படும் மதிப்பான பட்டமொன்றைச் சூட்டினார். பெயர் மாறியவுடன் ஆட்கள் கிடைத்தனர். எழுத்துக் கற்பிக்கும் முறையொன்றைத் தாமே வகுத்தார்; புத்தகங்களை ஊருக்கு ஊர் சுற்றுக்கு விட்டார். மலைமக்களின் மனநிலையை அறிந்தவரின் செயல்கள் இவை. அவர் அங்கு விலை கொடுத்தும் வாழ்ந்தார். அவருடைய இளம் மனைவி மார்கரீத் சலோமே இருபது வயதளவில் காலமாகி வால்டர்ஸ்பாக்கின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் பண்ணப்பட்டார்.

நகரத்துச் சபையொன்றுக்கு மாற்றம் பெற்ற ஸ்டூபர், தமக்குப்பின் யாரை அனுப்புவது என்று கலங்கினார். ஸ்ட்ராஸ்பூர்க்கில் மேல்மாடி அறையொன்றில் வாழ்ந்த ஓர் இறையியல் மாணவரைப் பற்றிக் கேள்விப்பட்டு அங்கே சென்றார். ஓபர்லின் பல்வலியால் படுத்திருந்தார். காகிதத்தால் செய்த திரை படுக்கைக்கு. விளக்கின்மேல் தொங்கிய சிறு இரும்புப் பாத்திரத்தில் ரொட்டியும் தண்ணீரும் உப்பும் வெந்துகொண்டிருந்தன. அதுவே இரவு உணவு. வந்தவருக்கு மனம் நிறைந்தது. ஓபர்லினோ அப்போது பிரெஞ்சுப் படைப்பிரிவொன்றில் போதகராகச் செல்ல உடன்பட்டிருந்தார். அதிலிருந்து விடுவிக்கப்பட்ட பின்னரே மலைக்கு வர இசைந்தார். முன்னதாக அறுவை மருத்துவர் ஒருவருடைய வீட்டில் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்தபோது மருத்துவமும் ஓரளவு கற்றிருந்தார். அக்கல்வி பின்னர் மலைமேல் அவருக்குப் பெரிதும் உதவிற்று.

குருமனை என்று சொல்லப்பட்ட வீடு மிகப் பழையது. மழையொழுக்கும் எலிகளும் நிரம்பியது. முதலாண்டில் அவருடைய தங்கை சோபி உடனிருந்து வீட்டைக் கவனித்தார். அடுத்த ஆண்டில் உடல்நலம் தேடி மலைக்கு வந்த உறவுப் பெண்ணாகிய மதலேன் சலோமே விட்டர் என்பவரை ஓபர்லின் 1768ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் மணந்தார். பேராசிரியர் ஒருவரின் மகள். நகர வாழ்வின் வசதிகளை அறிந்தவர். ஒன்பது பிள்ளைகளைப் பெற்றார், எழுவர் பிழைத்தனர். அவ்வொழுகும் வீட்டில் அத்தனை பேரையும் வளர்த்து, கணவருடைய திட்டங்கள் அனைத்துக்கும் கணக்குப் பார்த்து, பள்ளிகளுக்குரிய பெண்களையும் பயிற்றுவித்தவர் அவர். வாழ்க்கை வரலாறுகளில் அவருக்குக் கிடைக்கும் இடம் சில வரிகளே. ஒரு போதகர் ஓரூரில் வேரூன்றினார் என்று எழுதும் வரலாற்றாசிரியர், அடுப்படியில் புகையோடு போராடியவர் யார் என்றும் கேட்க வேண்டாமா?

மக்கள் அவரை விரும்பி ஏற்கவில்லை. ஸ்டூபர் விட்டுச்சென்ற நண்பர் சிலர் இருந்தனர். மற்றவர்க்கோ புதிய போதகரின் ஆர்வம் அச்சமூட்டிற்று. வழியில் மறித்து அடிக்கச் சிலர் திட்டமிட்டனர் என்றும், அதை முன்னரே அறிந்த ஓபர்லின் அந்த ஞாயிறன்று தீமையை எதிர்த்து நிற்காதிருத்தல் பற்றிப் பிரசங்கித்துவிட்டு, ஆராதனை முடிந்ததும் அவர்கள் கூடியிருந்த வீட்டிற்குத் தாமே நேராகச் சென்று நின்றார் என்றும் வரலாறுகள் கூறுகின்றன. மற்றொரு முறை தொட்டியில் அமிழ்த்தத் திட்டமிட்டனராம். இக்கதைகள் பன்முறை சொல்லப்பட்டு மெருகேறியவை என்பது தெரிகிறது. ஆனால் எதிர்ப்பு இருந்தது என்பதில் ஐயமில்லை. அதற்கு உறுதியான சான்று பள்ளிக்கட்டடத்தின் கதை. பள்ளிக்கென வீடு கட்ட ஓபர்லின் முனைந்தபோது சபையார் சம்மதிக்கவில்லை. கட்டுஞ் செலவோ பிற்காலத்துப் பழுதுபார்க்கும் செலவோ ஒரு காசும் தங்கள்மேல் விழாது என்று அவர் பொறுப்பேற்ற பின்னரே இடங்கொடுத்தனர். ஸ்ட்ராஸ்பூர்க் நண்பர்களிடம் கையேந்தி அவர் பணம் திரட்டினார்.

சபையாரின் இம்மறுப்பை மூடத்தனம் என்று கடிந்துரைப்பது எளிது. வறியோரின் கணக்கு வேறு. போதகர்கள் வருவர், போவர். அவர்கள் தொடங்கிய கட்டடங்களின் கூரையை மாற்றும் சுமை மட்டும் ஊரில் தங்கிவிடும். ஸ்டூபர் ஒருமுறை போய்த் திரும்பி, மறுமுறையும் போய்விட்டதை அவர்கள் கண்டிருந்தனர். இந்த இளைஞர் எத்தனை நாளைக்கு? மலைச் சபைகளில் ஊழியஞ் செய்த நம் வாசகர்க்கு இக்கேள்வி புதிதன்று. வாய்விட்டுக் கேட்காவிடினும் முதல் சந்திப்பிலேயே மக்களின் கண்களில் அது தெரியும்.

இச்சூழலில்தான் குருமனையின் செய்தி பொருள் பெறுகிறது. காலப்போக்கில் புதிய வீடு கட்டித்தரப் பேச்செழுந்தபோது ஓபர்லின் மறுத்தார். ஊர்களுக்கெல்லாம் பள்ளிகள் அமையும்வரை தமக்குப் புது வீடு வேண்டாம் என்றார். அது துறவு மனப்பான்மையினால் மட்டும் நேர்ந்ததன்று என்பது நம் கருத்து. வந்தவன் முதலில் தன் கூரையைச் செப்பனிட்டால் ஊர் அதைக் கணக்கில் எழுதிக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

சாலை அமைத்த கதை பலரும் அறிந்தது. கற்பள்ளத்தாக்கினர் ஸ்ட்ராஸ்பூர்க் செல்லும் பெருவழியை அடைய நல்ல பாதையில்லை. ஆண்டில் பல மாதங்கள் அடைபட்டுக் கிடந்தனர். விளைந்ததை விற்கவும் கருவிகளை வாங்கவும் வழியில்லை. ரோத்தோவரை பாறையை வெட்டிப் பாதையமைத்துப் புரூஷ் ஆற்றின்மேல் பாலமும் இடவேண்டும் என்று ஓபர்லின் சொன்னபோது, ஆகாத காரியம் என்றனர். அவர் கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு முதலில் தாமே போனார். பின்னர் ஒவ்வொருவராய் வந்தனர். அப்பாலத்திற்கு அன்பின் பாலம் என்னும் பெயர் நிலைத்தது. நகரத்திற்குக் கருவி வாங்கப் போய்வரும் நாட்கள் வீணாவதைக் கண்டு, வால்டர்ஸ்பாக்கிலேயே கருவிக் கிடங்கு ஒன்று வைத்து வாங்கிய விலைக்கே தவணையில் கொடுத்தார். இளைஞர் சிலரைத் தச்சு, கொத்து, கொல்லு முதலிய தொழில்களைக் கற்க நகருக்கு அனுப்பினார். இவையெல்லாம் எந்த நூலிலும் உள்ளவை, விரிக்க வேண்டியதில்லை.

நாம் விரிக்க விரும்புவது அவருடைய தோட்டத்தை. பயிர்த்தொழில் பற்றி இந்த நகரத்தான் பேசியதை உழவர் கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும்? அவர்கள் பிறந்ததுமுதல் அந்தக் கல்லோடு மல்லாடுகிறவர்கள். குருமனைக்குரிய நிலத்தில் ஊரார் நடக்கும் ஒற்றையடிப் பாதைகள் குறுக்கிட்டன. அந்நிலத்தை ஓபர்லின் தெரிந்தெடுத்தார். யாரையும் அழைக்கவில்லை, ஒன்றும் பிரசங்கிக்கவில்லை. வேலையாளோடு தாமே இறங்கி ஆழமாகக் குழி வெட்டினார். கல்லை அகற்றி நல்ல மண்ணும் எருவும் இட்டு நிரப்பினார். ஆப்பிள், பேரி, பிளம், செர்ரி, வாதுமை வகைக் கன்றுகளை நட்டார். மலையில் அதுவரை காட்டுப் பழங்களே மிகுதி. பாதையில் நடந்தவர்கள் முதலாண்டு பார்த்தனர், இரண்டாமாண்டும் பார்த்தனர். கன்றுகள் தழைத்துக் காய்க்கத் தொடங்கியதும், தங்களுடைய மெலிந்த நிலத்தையும் இதையும் ஒப்பிட்டு, இது எப்படி விளைந்தது என்று கேட்டனர். கேள்வி அவர்களிடமிருந்து பிறந்தது. அதற்குப்பின் ஒட்டுக்கட்டும் முறையைக் கற்பிப்பதில் தடையிருக்கவில்லை.

எருவுக்கும் அவர் ஒரு வழி கண்டார். மாடுகள் குறைந்த இடத்தில் சாணம் எங்கிருந்து வரும்? உதிர்ந்த இலை, மரச்சீவல், கந்தல், பழைய செருப்பு ஆகிய யாவும் மக்கி மண்ணாகும் என்று சொல்லி, கம்பளிக் கந்தலையும் தோல் துண்டுகளையும் பொறுக்கி வந்த பிள்ளைகளுக்குக் காசு கொடுத்தார். உருளைக்கிழங்கு ஏற்கெனவே மலையில் இருந்தது. அதை அவர் கொண்டுவந்தார் என்பது பிழையான கூற்று. ஒரே விதையைத் திரும்பத் திரும்ப நட்டதால் அது நலிந்துபோயிருந்தது. அவர் வெளியிலிருந்து புதுவிதை தருவித்தார், விளைச்சல் மீண்டது. பாரிசிலிருந்த அரச வேளாண்மைக் கழகம் 1818ஆம் ஆண்டில் அவருக்குப் பொற்பதக்கம் அளித்தது.

இனி, குழந்தைப் பள்ளி. ஓபர்லினுக்கு உலகப்புகழ் தந்தது இதுவே. ஆனால் இதன் வித்து அவருடையதன்று. பெல்மோனில் சாரா பான்செ என்னும் இளம்பெண் இருந்தார். 1745ஆம் ஆண்டில் பிறந்தவர். பெற்றோர் வயலுக்குச் சென்றபின் திரிந்துகொண்டிருந்த பிள்ளைகளைத் தம் வீட்டில் கூட்டிவைத்துப் பின்னல் வேலை கற்பித்து வந்தார். யாரும் ஏவவில்லை, கூலியுமில்லை. தந்தைக்கோ இது பிடிக்கவில்லை. வீட்டுக்குப் பயன்படாத வேலை என்றார். செய்தி ஓபர்லினுக்கு எட்டியது. அவர் தந்தையிடம் பேசி, முறையாக ஊதியம் தருவதாக ஒப்பந்தஞ் செய்து, 1769ஆம் ஆண்டளவில் சாராவைப் பணியில் அமர்த்தினார். கணப்படுப்பினால் சூடேற்றப்பட்ட அறையில் பிள்ளைகள் வட்டமாக அமர்ந்து பின்னுவர், நடத்துகிற பெண் படங்களைக் காட்டிக் கதை சொல்லுவார், செடிகொடிகளின் பெயர் கற்பிப்பார், பாடுவிப்பார். பின்னலடுப்பு என்றே அதற்குப் பெயர் வழங்கிற்று. ஐந்து ஊர்களிலும் அது பரவிற்று. சாரா 1774ஆம் ஆண்டில், முப்பது வயது நிரம்புமுன்னே இறந்தார். வெளியிலிருந்து வந்தவரின் பெருமை, உள்ளூர்ப் பெண் ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததைக் கண்டுகொண்டதில்தான் இருக்கிறது. அது சிறிய பெருமையன்று. மலைச்சபைகளுக்குப் போகும் எத்தனை பேருக்கு அக்கண் வாய்த்திருக்கிறது?

இவ்விடத்தில் ஓர் இழப்பையும் சொல்லியாக வேண்டும். மலைமக்கள் பேசியது லொரேன் நாட்டு வழக்கைச் சேர்ந்த ஒரு வட்டார மொழி. பின்னலடுப்புப் பள்ளிகளில் பொருள்களின் பெயர் முதலில் அம்மொழியிலும் பின்னர் பிரெஞ்சிலும் சொல்லப்பட்டது. நோக்கம் பிரெஞ்சே. வெளியுலகோடு தொடர்புகொள்ள அது வேண்டும் என்பது ஓபர்லினின் எண்ணம். தவறென்று சொல்ல முடியாது. அதே வேளையில் அவருடைய அண்ணனும் ஸ்ட்ராஸ்பூர்க்கின் பேரறிஞருமாகிய ஜெரெமி ஜாக் ஓபர்லின் 1775ஆம் ஆண்டில் அவ்வட்டார மொழியைப் பற்றியே ஆராய்ச்சி நூல் ஒன்றை வெளியிட்டார். தம்பி எதைப் பிள்ளைகளின் நாவிலிருந்து மெல்ல அகற்றினாரோ, அதை அண்ணன் ஏட்டில் பதிவு செய்தார். ஒரே குடும்பத்தில், ஏறத்தாழ ஒரே காலத்தில் நிகழ்ந்த இவ்விரண்டையும் எண்ணிப் பார்க்குந்தோறும் நமக்கு வியப்பும் வருத்தமும் சேர்ந்தே எழுகின்றன. குடியேறுவோர் தம் இடத்தின் மொழியில் வீடுபேறடைவதில்லை. இடத்தையே தம் மொழிக்கு மாற்றிவிடுகின்றனர்.

வேரூன்றல் நேர்கோட்டில் செல்லவில்லை என்பதற்கு இரு சான்றுகள் உள. 1770களில் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் எபனேசர் என்னுமிடத்திலிருந்த லுத்தரன் சபையின் அழைப்பு வந்தபோது ஓபர்லின் போக இசைந்தார். விடுதலைப் போர் மூண்டதால் அது நடவாமற் போயிற்று. சாலையும் பாலமும் தோட்டமும் கண்ட பின்னரும் அவர் மனம் பயணத்திற்கு ஆயத்தமாகவே இருந்தது. வரலாற்றாசிரியர் சிலர் இதை விரைந்து கடந்துவிடுவர். நமக்கோ இது ஆறுதலான செய்தி.

இரண்டாவது, 1778ஆம் ஆண்டு சனவரி 20ஆம் நாள் பனிமலையைக் கடந்து கால்நடையாய் வால்டர்ஸ்பாக் வந்துசேர்ந்த ஒரு விருந்தினர். ஜெர்மன் எழுத்தாளராகிய ஜேக்கப் லென்ஸ். மனம் நொந்து நிலைகலங்கிய நிலையில், ஓபர்லினிடம் அமைதி கிடைக்கும் என்று நண்பர் சொல்லக்கேட்டு வந்தவர். குடும்பத்தார் அன்போடு ஏற்றனர். இரவில் அவர் பள்ளிவீட்டில் தங்கினார், நள்ளிரவில் உறைபனி நீர்த்தொட்டியில் குதித்தார், ஃபூதேயில் இறந்துகிடந்த ஒரு குழந்தையை உயிர்ப்பிக்க முயன்று தோற்றார், சன்னலிலிருந்து விழுந்தார். ஏறத்தாழ மூன்று வாரம் தாங்கிய ஓபர்லின், இறுதியில் அவரைக் காவலோடு ஸ்ட்ராஸ்பூர்க்குக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. நடந்ததை அவரே எழுதிவைத்தார். அக்குறிப்பை வைத்து ஜியார்க் பூக்னர் எழுதிய சிறுகதை 1839ஆம் ஆண்டில் வெளிவந்து ஜெர்மன் இலக்கியத்தில் இடம்பெற்றது. ஓபர்லினின் குறிப்பில் தம்மை நியாயப்படுத்தும் குரல் இருக்கிறதென்பர். இருக்கலாம். பிள்ளைகள் நிறைந்த ஒழுகும் வீடு. துணைக்கு மருத்துவரில்லாத மலை. அவ்வீட்டுக்கும் ஓர் எல்லை இருந்தது என்பதை அவர் மறைக்காமல் எழுதிவைத்தார் என்பதே போதும்.

1783ஆம் ஆண்டு சனவரியில், கடைசிப் பிரசவம் கண்ட சில வாரங்களில், மதலேன் சலோமே காலமானார். பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் அப்பழைய வீட்டில் வாழ்ந்தவர் புதிய குருமனையைக் காணவில்லை. அது கட்டப்பட்டது அவர் இறந்து நான்காண்டு சென்றபின், 1787இல். பள்ளிகள் முதலில், வீடு பின்னர் என்ற கணவரின் உறுதிக்கு விலை கொடுத்தவர் இன்னாரென்று இதனால் விளங்கும். ஓபர்லின் அவ்விழப்பிலிருந்து மீளவேயில்லை என்று சொல்லலாம். இறந்த மனைவி பல ஆண்டுகள் தமக்குத் தோன்றியதாக அவர் நம்பினார். மறுமையின் வாசஸ்தலங்களை ஒரு வரைபடமாகத் தீட்டித் தொங்கவிட்டிருந்தார். இறையியலார்க்கு இது சங்கடமான பகுதி. ஆயினும் தம் மாணவர்க்கு மலையையும் ஆற்றையும் வரைபடமாக்கிக் காட்டியவர், தம் மனைவி சென்ற ஊரையும் அவ்வாறே வரைந்து பார்த்ததில் விந்தையில்லை.

தாயற்ற வீட்டை ஏற்று நடத்தியவர் பெல்ஃபோஸ் ஊரைச் சேர்ந்த லூயீஸ் ஷெப்ளர். 1763ஆம் ஆண்டில் பிறந்தவர்; பதினைந்து பதினாறு வயதில் அக்குடும்பத்தில் பணிப்பெண்ணாய்ச் சேர்ந்து, பின்னலடுப்புப் பள்ளிகளிலும் நடத்துநராகப் பணியாற்றினார். பனிக்காலத்தில் ஊருக்கு ஊர் ஏறியிறங்கிய அவர், சம்பளம் வேண்டாம், வீட்டுப் பிள்ளையாக எண்ணினால் போதும் என்று 1793ஆம் ஆண்டில் ஓபர்லினுக்கு எழுதிக் கேட்டுக்கொண்டார். அவ்வாறே ஆயிற்று. நகரத்துக் குடும்பம் மலையூரில் வீடு கண்டது என்பதைவிட, மலையூர்ப் பெண் அக்குடும்பத்தைத் தன் வீடாக்கிக்கொண்டாள் என்பதே பொருந்தும்.

பிந்திய ஆண்டுகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். பிரெஞ்சுப் புரட்சியின் கடும் நாட்களில் ஆராதனை தடைசெய்யப்பட்டபோது, குடிமக்கள் கூட்டம் என்ற பெயரில் மக்களைக் கூட்டிப் பேசினார். 1794ஆம் ஆண்டில் கைதாகி, ரோபஸ்பியர் வீழ்ந்ததும் விடுதலையானார். காட்டின் உரிமை பற்றி மலைமக்களுக்கும் நிலவுடைமையாளருக்கும் எண்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்த வழக்கு 1813ஆம் ஆண்டில் அவருடைய முயற்சியால் இணக்கமாய் முடிந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் பாசல் நகரத்து லெகிராண்ட் குடும்பத்தார் தம் பட்டுநாடாத் தொழிலை ஃபூதேக்குக் கொண்டுவந்து தறிகளை வீடுகளுக்கே கொடுத்தனர். நகரத்திலிருந்து மலைக்கு வந்து தங்கிய அடுத்த குடும்பம் அது. அவர்களை ஊர் எதிர்த்ததாகச் செய்தியில்லை. அக்குடும்பத்து தானியேல் லெகிராண்ட் (1783–1859) தொழிலாளர் பாதுகாப்புக்காகப் பல நாடுகளும் ஒருமித்துச் சட்டம் இயற்ற வேண்டும் என்று வாதாடிய முன்னோடியருள் ஒருவர்.

ஓபர்லினிடம் ஒரு தந்தையின் அன்போடு ஒரு தந்தையின் அதிகாரமும் இருந்தது. சபையார் ஒவ்வொருவரைப் பற்றியும் குறிப்பேடு வைத்திருந்தார். திடப்படுத்தலுக்கு வரும் பிள்ளைகள் மரம் நட்டதற்குச் சான்று காட்ட வேண்டுமென்று கேட்டார். இன்றைய வாசகர் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். மலைமக்கள் அவரை அப்பா ஓபர்லின் என்று அழைத்தனர். அச்சொல்லில் இவ்விரண்டும் அடங்கியிருந்தன.

1826ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் அவர் காலமானார். வால்டர்ஸ்பாக் குருமனையிலிருந்து ஃபூதே கல்லறைத் தோட்டம்வரை மக்கள் திரண்டு சென்றனர்; அண்டை ஊர்களின் கத்தோலிக்கரும் உடன் நடந்தனர். கல்லறைச் சிலுவையில் அப்பா ஓபர்லின் என்பதே பொறிக்கப்பட்டது. 1787இல் கட்டிய குருமனை பின்னாளில் அவர் பெயரால் அருங்காட்சியகமாயிற்று. அவர் செய்த விளையாட்டுப் பொருள்களும் வரைபடங்களும் உலர்த்திவைத்த செடிகளும் அங்குள்ளன.

தந்தையின் சொத்தில் லூயீஸுக்கும் தங்களோடு சமபங்கு தர ஓபர்லினின் பிள்ளைகள் முன்வந்தனர். அவர் அதை ஏற்கவில்லை. தம் பெயரோடு ஓபர்லின் என்னும் பெயரைச் சேர்த்துக்கொள்ள மட்டும் அனுமதி கேட்டார். 1829ஆம் ஆண்டில் பிரெஞ்சு அகாதெமி அவருக்கு மோன்தியோன் பெயரிலான நற்பண்புப் பரிசை வழங்கியது; விலங்கியல் அறிஞர் கூவியே அவரைப் பற்றி அறிக்கை வாசித்தார். பரிசுப்பணத்தை ஏழைகளுக்குச் செலவிட்டுவிட்டு, லூயீஸ் 1837ஆம் ஆண்டில் இறக்கும்வரை அம்மலையிலேயே வாழ்ந்தார்.